தம்பிக்கு யுகுலேலே பாடம்

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

யுகுலேலே வாங்கியிருக்கிறாய் என்று உன் கடிதத்தில் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த பத்தியிலேயே, விரல் வலிக்கிறது, சுருதி நிற்க மாட்டேன் என்கிறது, நாற்பது வயதில் இது தேவையா, அலமாரி மேல் தூக்கி வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வைக்காதே. உனக்கு முன்னால் இதைத் தொட்டவள் என்கிற உரிமையில் சொல்கிறேன், கேள்.

முதலில் சுருதி. வாத்தியத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. புது நைலான் தந்தி சில நாளைக்கு இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும்; சுருதியும் கூடவே இறங்கும். ஒவ்வொரு தந்தியையும் விரலால் மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி கூட்டு. ட்யூனரில் முள் குறியைத் தாண்டிப் போனால், நன்றாகத் தளர்த்திவிட்டுக் கீழேயிருந்து ஏற்றிக்கொண்டு வா, அப்போதுதான் நிற்கும். தம்புரா சேராமல் பாட்டு டீச்சர் நம்மை வாயே திறக்க விடமாட்டாரே, இங்கேயும் அதே சட்டம்தான்.

அந்தப் பாட்டு வகுப்பு இப்போது உனக்குக் கைகொடுக்கும். ஜி, சி, ஈ, ஏ என்று நாலு தந்தி. சி-யை ஸட்ஜமாக, அதாவது ஒரு கட்டையாக வைத்துக்கொள். மேலிருந்து வரிசையாக ப, ஸ, க, த. நாலும் மோகனத்து ஸ்வரங்கள்! பாக்கி ரிஷபம், அது சி தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில். மேல் ஸட்ஜம் ஏ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில். கார்டு பழகிச் சலிப்புத் தட்டினால் மோகனத்தின் ஆரோகணம், அவரோகணம் வாசித்துப் பார். மேலே இருக்கிற ஜி தந்தியை மந்த்ர பஞ்சமம் என்று எண்ணிவிடாதே. ஸட்ஜத்துக்கு மேலே இருக்கும் பஞ்சமம் அது. இந்த வாத்தியத்தின் துள்ளலுக்கு அந்தத் தந்தி முக்கியக் காரணம்.

இனி கார்டு. சி-க்கு ஒரே விரல்: மோதிர விரல், ஏ தந்தி, மூன்றாவது ஃப்ரெட். ஏ மைனருக்கும் ஒரே விரல்: நடுவிரல், ஜி தந்தி, இரண்டாவது ஃப்ரெட். அந்த விரலை எடுக்காமலே ஆள்காட்டி விரலை ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் வைத்தால் எஃப். ஆள்காட்டி அங்கேயே இருக்கட்டும். நடுவிரலை சி தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டுக்கு மாற்றி, மோதிர விரலை ஏ தந்தியின் இரண்டாவதில் வை. அதுதான் ஜி செவன். இந்த நாலு கார்டிலேயே எத்தனையோ பாட்டுகள் அடங்கிவிடும். ஃப்ரெட் கம்பியை ஒட்டினாற்போல, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்து. குறைந்த அழுத்தம் போதும், கரகரப்பும் வராது, வலியும் குறையும். வலித்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள். விரல் நுனி சில வாரத்தில் பழகிவிடும்.

கார்டு பிடிப்பது சுலபம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் பெரும்பாடு. எல்லோரும் கைவிடுவது அந்த இடத்தில்தான். அதனால் வேகம் வேண்டாம். ஒரு கார்டுக்கு நாலு எண்ணிக்கை. சி-யும் ஏ மைனரும் சேர்ந்தால் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம். இடது கை தடுமாறினாலும் வலது கையை நிறுத்தாதே. கார்டு பிசகினால் பாதிப் பேருக்குத் தெரியாது. தாளம் நின்றால் உன் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். நான் சொல்வதில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதே.

வயதைப் பற்றிக் கேட்டாய் அல்லவா? இந்த வாத்தியம் யார் கையில் பிறந்தது தெரியுமா? 1879 ஆகஸ்டில், மடெய்ரா தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் போர்த்துகீசியர்கள் ஹொனலுலுவில் வந்து இறங்கினார்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். மனுவல் நூனிஷ், அகுஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சான்டோ என்ற மூன்று மரவேலைக்காரர்களும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். தங்கள் ஊரின் சின்ன நாலு தந்தி வாத்தியத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு இதைச் செய்யத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். ஹவாய் மன்னர் கலாகௌவாவுக்குப் பிடித்துப்போய் அரண்மனைக்குள்ளும் ஏறியது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கண்காட்சி அதை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. பிழைக்கப் போன இடத்தில் கூலிக்காரர்கள் செய்துகொண்ட வாத்தியம், நாற்பது வயதில் ஆபீஸ் முடிந்து களைத்து வருகிற உனக்கு ஒத்துவராதா என்ன?

தினமும் கால் மணி நேரம் போதும். ஞாயிறன்று மொத்தமாக மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அது நல்லது. பையில் போட்டு மூடி வைக்காமல் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டு. வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுவிடாதே; பசை விட்டுப்போகும்.

பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. கார்டு உன் பொறுப்பு, பாட்டு என் பொறுப்பு. அம்மாதான் தாளம் போடுவாளாம், இப்போதே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அக்கா