முன்பணம் கேட்கிறவன்

செலாயாங் மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாமாக் கடை. காலைக் கூட்டம் ஓய்ந்துவிட்டது. ஓர மேசையில் கணவன், மனைவி, எதிரே அக்காள் முறை ஒருத்தி. தே தாரிக் மூன்றும் ஆடை படிந்து கிடக்கின்றன.

மனைவி பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். வீட்டுக்கடன் பாக்கிக்கு வங்கி அனுப்பிய கடிதம். கிரெடிட் கார்டு பில். கடைசியாக ஒரு மஞ்சள் தாள்: கடன் அடைத்துத் தரப்படும், கீழே கைப்பேசி எண். விளக்குக் கம்பத்திலிருந்து பிய்த்து வந்தது. பின்பக்கப் பசையில் கம்பத்துச் சாயம் ஒட்டியிருக்கிறது.

"முதல்ல ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி கட்டணுமாம்க்கா. அப்புறம் அவனே பேங்க்ல பேசிடுவானாம்."

அக்காள் தாளைத் தொடவில்லை. "ஏ.கே.பி.கே.வுக்குப் போனீங்களா?"

கணவர் விழிக்கிறார். 2006இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கிய நிறுவனம் ஏ.கே.பி.கே. வரவு செலவைக் கேட்டு, வழியிருந்தால் வங்கிகளோடு பேசி, தாங்கும் அளவுக்குத் தவணையைத் திருத்தி அமைக்கிறார்கள். ஆலோசனை இலவசம். கம்பத்து நோட்டீஸ் தெரிந்த அளவுக்கு அந்தப் பெயர் நம் வீடுகளில் தெரியவில்லையே!

"வீட்ட வித்துட்டு அரசாங்க பி.பி.ஆர். வீட்டுக்கு வாடகைக்குப் போயிரலாமா?" என்கிறார் கணவர்.

"124 வெள்ளிதான் வாடகைன்னு உடனே கெடைச்சிருமா தம்பி? தகுதி பாப்பாங்க, காத்துக் கெடக்கணும். தவணை எவ்வளவு குறையுதுன்னு மொதல்ல கேளு."

மனைவி குரலைத் தாழ்த்துகிறாள். "ஆலோங் கடன் இருந்தா?"

கணவர் தலை கவிழ்ந்துவிட்டது. அக்காளுக்கு இப்போதுதான் முழுக்கதையும் தெரிகிறது.

"அது ஏ.கே.பி.கே.ல ஆகாது. அதுக்குப் போலீஸ் ரிப்போர்ட். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

சரியாகச் சொன்னாள். உரிமம் பெற்ற வட்டிக்காரரே பிணையில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். உரிமமே இல்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறான்?

மனைவி காகிதங்களை இரண்டாகப் பிரித்து அடுக்குகிறாள். மஞ்சள் தாளை அக்காள் கிழித்துத் தட்டில் போடுகிறாள்.

மூன்று மாதத் தவணை நின்றால் வங்கி அதை வாராக்கடன் கணக்கில் எழுதிவிடும். முதல் தவணை தவறிய வாரமே ஏ.கே.பி.கே.வுக்குப் போங்கள். முன்பணம் கேட்கிறவனிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.