ஏடிஎம்முக்குள் விண்டோஸ் வந்த வழி

ஏடிஎம் பழுதாகும்போது, தொகையைக் கேட்கும் பக்கத்துக்குப் பதிலாக விண்டோஸின் நீலத்திரை எட்டிப்பார்ப்பதுண்டு. மேசைக் கணினிக்கென்று எழுதிய இயங்குதளம் பணப்பெட்டிக்குள் எப்படி வந்தது? ‘மலிவு, எல்லாருக்கும் பழக்கமானது’ என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். நானும் அதை நம்பித்தான் தேடத் தொடங்கினேன். வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. 1990களில் ஏராளமான ஏடிஎம்கள் ஐபிஎம்மின் ஓஎஸ் 2 இயங்குதளத்தில்தான் ஓடின. விழாமல் தொடர்ந்து ஓடுவதில் அது பேர்வாங்கியது. நியூயார்க் சுரங்க ரயிலின் மெட்ரோகார்டு ஏற்பாடும் அதை நம்பியிருந்தது. ஐபிஎம் 2006 டிசம்பரோடு ஆதரவை நிறுத்தியது. ஆனால் அதற்கு முன்பே வங்கிகள் விண்டோஸ் பக்கம் நகரத் தொடங்கிவிட்டன.

காரணம் பணம் எண்ணும் பாகத்தில் இருக்கிறது. பெட்டியிலிருந்து ஒவ்வொரு நோட்டாக உருவி எடுத்து, அதன் தடிமனை உணரியால் சோதித்து, இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் தனிப்பெட்டிக்குள் தள்ளிவிட்டு, சரியானவற்றை மட்டும் வாசலுக்கு அனுப்பும் கருவி அது. அதற்கான கட்டளைகளை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைத்திருந்தார். இயந்திரத்தை மாற்றினால் மென்பொருளையும் மாற்றியாக வேண்டும். இதைத் தீர்க்க, மைக்ரோசாஃப்ட்டின் முன்முயற்சியில் 1990களில் எக்ஸ்எஃப்எஸ் என்ற பொது இணைப்பு விதி உருவானது. பின்னர் ஐரோப்பியத் தர அமைப்பான சென் அதைப் பேணியது. வங்கியின் மென்பொருள் ‘எண்ணிக் கொடு’ என்று சொன்னால் போதும், கருவிக்குப் புரியும்படி சொல்வது தயாரிப்பாளர் தரும் இடைநிரல். நடுவில் நிற்கும் கோப்பின் பெயர் எம்எஸ்எக்ஸ்எஃப்எஸ்.டிஎல்எல். அது விண்டோஸில் மட்டும் இயங்கும். ஆக, வங்கிகளுக்கு வேண்டியிருந்தது யாரிடமும் சிக்கிக்கொள்ளாமல் இயந்திரம் வாங்கும் உரிமை. விண்டோஸ் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்போதே லினக்ஸுக்குப் போயிருந்தால் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். பிரேசிலின் பான்ரிசுல் வங்கி லினக்ஸ் ஏடிஎம்களை இயக்கிக் காட்டியதால், முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்பதை ஏற்க முடியவில்லை. 2014இல் வெளிப்பட்ட டியூப்கின் நச்சுநிரலைப் பாருங்கள்: திருடர்கள் இயந்திரத்தைத் திறந்து, சிடி மூலம் அதை ஏற்றினார்கள்; அது மேலே சொன்ன அதே கோப்பின் வழியாக நோட்டுகளை வெளியே தள்ளியது. பூட்டு திறந்து, வெளிச் சிடியிலிருந்து இயந்திரத்தைத் தொடங்கவும் முடிந்தால் எந்த இயங்குதளமும் தடுமாறும். 2018 ஜூனில் இந்திய ரிசர்வ் வங்கி அனுப்பிய சுற்றறிக்கை இதை உணர்ந்தே எழுதப்பட்டது. பழைய இயங்குதளங்களை 2019 ஜூனுக்குள் மாற்றச் சொன்னதோடு, பயாஸ் கடவுச்சொல்லையும் யுஎஸ்பி முடக்கத்தையும் சேர்த்தே கேட்டது.

அப்படியானால் இயங்குதளம் எதுவானாலும் ஒன்றுதானா? இல்லை. ஏடிஎம்களில் ஓடிய விண்டோஸ் எக்ஸ்பிக்கான பொது ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. ஏடிஎம் இயந்திரமோ பத்தாண்டுக்கு மேலும் உழைக்கும். இந்த இரண்டு ஆயுளும் பொருந்தாததுதான் வங்கிகளை நெருக்கியது. ஆகவே ரயில் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ டெர்மினல் வாங்குகிறவர்கள், இயங்குதளத்தின் பெயரைப் பார்க்கும் முன், கார்டு ரீடருக்கும் பிரிண்டருக்குமான இணைப்பு விதி எதன்மேல் நிற்கிறது, அதற்கு எத்தனை ஆண்டு திருத்தம் வரும் என்று கேட்டாக வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் விதியின் புதிய வடிவமான எக்ஸ்எஃப்எஸ்4ஐஓடி, கட்டளைகளை வெப்சாக்கெட் வழியே ஜேசான் செய்திகளாக அனுப்புகிறது. அதற்கு விண்டோஸ் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை.