எழுத்தும் கண்ணும்

கணனித் திரையில் எழுத்தின் விளிம்பு எவ்வளவு மென்மையாகத் தோன்றுகிறதோ அவ்வளவுக்கு வாசிப்பும் இனிதாகும் என்று கருதுவோர் உளர். என் கண்கள் அந்தக் கட்சியைச் சேர்ந்தவையல்ல. கறுப்பும் வெள்ளையும் தெளிவாகப் பிரிந்து நிற்கும் எழுத்தே அவற்றுக்கு உகந்தது.

இம்மென்மை எவ்வாறு உண்டாகிறது? தட்டைத் திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று சிறு கீற்றுக்களால் ஆனது. அவற்றைத் தனித்தனியே ஒளிரச் செய்து, எழுத்தின் வளைவுகளில் தோன்றும் படிக்கட்டு வடிவை மறைக்கும் முறையை மைக்ரோசொப்ட் நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் ‘கிளியர்ரைப்’ என்னும் பெயரில் அறிவித்தது. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அது இடம்பெற்றிருந்தது. ஆயினும் விரும்பியவரே அதனை இயக்கவேண்டும். 2006 இல் வந்த இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 7 என்னும் உலாவியோ, கணனியில் அது நிறுத்தப்பட்டிருப்பினும், இணையப் பக்கங்களில் தானாகவே அதனைப் புகுத்தியது. பழைய கதோட்டுக் குழாய்த் திரைகளுக்கு அம்முறை பொருந்தாது. அவற்றில் எழுத்துத் தெளிவதற்குப் பதிலாகக் கலங்கவுங்கூடும். உலாவியின் உயர்நிலைத் தெரிவுகளில் ஓர் அடையாளத்தை நீக்கினால் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால், அப்படியொரு தெரிவு அங்கே இருப்பதை அறிந்திருக்க வேண்டுமே!

தமிழ் வாசகருக்கு இது சிறு விடயமன்று. இரண்டு சுழி னகரத்தையும் மூன்று சுழி ணகரத்தையும் பிரிப்பது ஒரேயொரு சுழிதான். சிறிய எழுத்தில் அச்சுழி மங்கினால், எழுதியிருப்பது ‘மனமா’, ‘மணமா’ என்று இளம் மாணவன் தடுமாறுவான்.

அந்த உலாவி 2022 இல் ஓய்வு பெற்றது, மங்கல் ஓயவில்லை. இன்று விண்டோஸ் பாவிப்போர் முதலில், திரை தனக்கு இயல்பான புள்ளி எண்ணிக்கையில் இயங்குகிறதா என்று பார்த்தல் நன்று. அது பிசகினாலும் எழுத்து மங்கும். பின்னர்த் தேடற் பெட்டியில் கிளியர்ரைப் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் இட்டால், அதனைச் சீர்செய்யும் கருவி கிடைக்கும். அது காட்டும் மாதிரிகளுள் கண்ணுக்கு இதமானதைத் தெரிந்தெடுக்கலாம்; வேண்டாதவர் முற்றாகவே நிறுத்தியும் விடலாம்.

எனக்கு உகந்த எழுத்து என் மனைவியின் கண்ணை முள்ளாய் உறுத்துகிறது. ஆதலால் ஒரே கணனியில் இருவரும் தனித்தனிக் கணக்கு வைத்துள்ளோம். அவருக்கு மென்மை, எனக்குக் கூர்மை. இருவருள் எவர் கண்ணும் பிழையானதன்று. எல்லாக் கண்களுக்கும் ஒரே எழுத்தை விதிப்பதே பிழை. வீட்டில் ஒரு பிள்ளை திரையருகே முகத்தைக் கொண்டுபோய் வாசிக்கக் கண்டால், கண்ணைச் சோதிப்பிப்பதோடு எழுத்தையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.