பகடைக்கு முந்திய சொல்

எங்கள் விடுதியின் மாடியறை ஒன்றில் சனிக்கிழமை இரவுதோறும் போர் நிகழ்கின்றது. அன்பர்கள் அஞ்சவேண்டா, அது குருதி சிந்தும் போரன்று, கற்பனைப் போர். அமெரிக்க நாட்டினராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்ற, 1974ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டமே அது. ஆடுவோருள் ஒருவர் வாள்வீரராவார், மற்றொருவர் மந்திரவாதியாவார், வேறொருவர் நடுவராக அமர்ந்து, காட்டையும் குகையையும் பகைவரையும் சொல்லாலேயே படைத்துக் காட்டுவார். வீசிய வாள் பட்டதோ தவறியதோ என்பதை இருபது முகமுள்ள பகடை கூறும். பகடை கூறாததை விதிநூல் கூறும். விதிநூலும் கூறாது விட்டதை நடுவர் கூறுவார். குழப்பமெல்லாம் பிறப்பது இம்மூன்றாம் இடத்தில்தான்.

சென்ற பருவத்தில் ஓர் இரவு, இயற்பியல் மாணவராகிய நண்பர் ஒருவர் தம் வீரனைப் பகைவனின் முன்புறத்தினின்று பின்புறத்திற்கு வளைந்து செல்லுமாறு நடத்தினார். நடுவராயிருந்த வணிகவியல் நண்பர் உடனே, “நீர் இடம் பெயர்ந்தீர், ஆகவே பகைவனுக்கு ஒரு வெட்டு உரியது” என்று பகடையை உருட்டினார். வெட்டும் பட்டது. “அவன் வாளெட்டும் எல்லையை விட்டு யான் அகலவில்லையே! எல்லைக்குள்ளேயே சுற்றி வந்தவனை வெட்டுவது எங்ஙனம்?” என்று இயற்பியலார் எழுந்து நின்றுவிட்டார். இருவர் கையிலும் விதிநூல் இருந்தது. ஆனால் ஒருவர் கற்றது 2003ஆம் ஆண்டுப் பதிப்பு. மற்றவர் கற்றது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. முன்னைய நூலின் பொதுவிதிப்படி, பகைவனின் வாளெட்டும் கட்டமொன்றை விட்டு அடுத்த கட்டத்திற்குப் பெயர்ந்தாலே வெட்டு உண்டு. பின்னைய நூலின்படி, அவ்வெல்லையை முற்றும் கடந்து வெளியேறினால்தான் வெட்டு உண்டு. அரைமணி நேர வழக்கிற்குப் பின் எல்லாருடைய கண்களும் என் பக்கம் திரும்பின. “தமிழ் ஆனர்ஸ்காரரே! நூலுக்கு உரை காண்பது உம்முடைய தொழிலாயிற்றே, நீரே தீர்ப்புக் கூறும்” என்றனர்.

அவர் கூறியது நகைப்புக்காகவே எனினும், பொய்யன்று. போர்முறை கூறும் நூல்கள் நமக்கும் உண்டு; அவை தம்முள் மாறுபடுவதும் உண்டு. தொல்காப்பியர் புறத்திணையை ஏழாக வகுத்தார். புறப்பொருள் வெண்பாமாலையின் ஆசிரியர் ஐயனாரிதனாரோ பன்னிரண்டாக வகுத்தார். ‘காஞ்சி’ என்னும் ஒரு சொல்லையே காண்க. தொல்காப்பியத்தில் அது உலகத்து நிலையாமையைக் கூறும் திணை. வெண்பாமாலையில் அது, படையெடுத்து வந்த வஞ்சி வேந்தனை எதிர்த்து நின்று தன் நிலத்தைக் காக்கும் வேந்தனது திணை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. இவ்விரண்டனுள் எது சரி என்று வினவும் மாணவனுக்கு எம் ஆசிரியர், “எந்த நூலை வைத்துக்கொண்டு வினவுகின்றாய் என்பதை முதலிற் கூறு” என்பார். தொல்காப்பிய மரபியல் 32 உத்திகளை எண்ணிக் கூறுவதும், சொல்லியதைக்கொண்டு சொல்லாததை உணர்வதற்கேயன்றி, நமக்கு வேண்டியதை நூலின்மேல் ஏற்றுவதற்கன்று.

இவ்வளவும் அறிந்திருந்தும், அன்றிரவு என் நா எழவில்லை. என் நெஞ்சம் மாடியறையை விட்டு, யான் பிறந்த வேதாரணியத்திற்குச் சென்றுவிட்டது.

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் விடியற்காலையில், நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. யான் அப்போது ஏழாம் வகுப்பு மாணவன். தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து வீழ்ந்தன. உப்பளங்களைச் சேறு மூடியது. உப்பளத்தில் கணக்கெழுதிவந்த என் தந்தையார்க்கும் தொழில் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கூரையும் இல்லை. பல ஊர் மக்களுடன் யாங்களும் ஒரு பள்ளிக்கூடத்திற் பல நாள் தங்கினோம். பகலில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நிற்பது பெரியோர் வேலை. இரவில் விளக்கில்லாத தாழ்வாரத்தில், ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றித் தாயம் ஆடுவது எங்கள் வேலை. கரித்துண்டால் தரையில் கட்டம் வரைந்தோம். ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டைகளே எங்கள் பகடை. என் காய்கள், பறந்துபோன எங்கள் கூரையின் ஓட்டுச் சில்லுகள். எனக்கெதிரே அமர்ந்தவன் ஆறுகாட்டுத்துறையைச் சேர்ந்த ஒரு சிறுவன். என்னினும் மூன்று வயது இளையவன். அவன் காய்கள் கடற்சிப்பிகள்.

ஆட்டம் முடியுந்தறுவாயில் அவனுடைய இரண்டு சிப்பிகள் ஒரே கட்டத்திற் சேர்ந்திருந்தன. இன்னும் சில கட்டம் சென்றால் இரண்டும் பழமாகிவிடும். எனக்கு விழுந்த எண்ணோ சரியாக அந்தக் கட்டத்திற்கு வந்து நின்றது. யான் இரண்டையும் வெட்டி வெளியே வைத்தேன்.

“அண்ணே, சோடியை வெட்டக்கூடாது அண்ணே” என்றான் அவன்.

“எங்கள் ஊரில் வெட்டலாம்” என்றேன் யான்.

சுற்றியிருந்தோர் இரு கட்சியாகப் பிரிந்தனர். ஒவ்வோர் ஊரினரும் தத்தம் ஊர் வழக்கை எடுத்துக் கூறினர். அருகே படுத்திருந்த மூதாட்டி ஒருவர், எல்லாரும் ‘அப்பாயி’ என்றழைப்பவர், மெல்ல எழுந்து அமர்ந்தார். “தம்பி, உங்கள் ஊரில் அது முறையாகவே இருக்கட்டும். உருட்டுவதற்கு முன்னாலே சொன்னாயா?” என்று என்னை வினவினார். யான் விடை கூறவில்லை. “உருட்டின பிறகு சொல்வதற்குப் பெயர் முறையில்லை, தம்பி” என்று கூறி, மீண்டும் படுத்துக்கொண்டார்.

அச்சிறுவன் அழவில்லை, சண்டையிடவுமில்லை. சிப்பிகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, தன் தாயிடம் சென்றுவிட்டான். மறுநாட்காலை அக்குடும்பத்தார் உறவினர் ஊருக்குப் புறப்பட்டனர். அதன்பின் அவனை யான் கண்டதில்லை.

நண்பர்காள்! இதுகாறும் யாரிடமும் கூறாத ஒன்றை ஈண்டுக் கூறுகின்றேன். எங்கள் வீட்டிலும் சோடியை வெட்டும் வழக்கம் இல்லை. அடுத்த தெருவில் சிலர் அவ்வாறு ஆடுவர்; அதனை யான் அறிவேன். எனக்கு வேண்டிய எண் விழுந்தபின், எனக்கு வேண்டிய விதியை அத்தெருவினின்று கடன் வாங்கினேன். வீடிழந்து வந்த ஒரு சிறுவனிடமிருந்து, அவனுக்கு எஞ்சியிருந்த ஒரு சிறு வெற்றியையும் விதியின் பெயரால் பறித்தேன். பொய்யாக ஆடியிருந்தால் எவரேனும் கண்டுபிடித்திருப்பர். விதியைக் காட்டி ஆடியதால் என்னைத் தவிர எவரும் அறியவில்லை.

கல்லூரிக்கு வந்து புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டைப் பாடங்கேட்ட நாளில், அப்பாயியின் குரலே என் செவியில் ஒலித்தது. நெட்டிமையார் தம் அரசனாகிய பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை அதிற் புகழ்கின்றார். அம்பு விடுவதற்கு முன்னரே, ஆக்களும், அந்தணரும், பெண்டிரும், பிணியுடையோரும், புதல்வரைப் பெறாதோரும் தத்தம் காவலிடம் சேருமாறு அறிவித்துப் பின்னரே போர் தொடுப்பவனாம் அவன். அம்பு பாய்ந்தபின் கூறும் அறம் அறமாகாது என்பது அன்றே தெளிந்த செய்தி.

படையேந்தாப் போருக்கும் இது பொருந்தும். உப்புச் சட்டத்தை மீறப்போவதைக் காந்தியடிகள் 1930ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாளிலேயே அரசப்பிரதிநிதி இர்வினுக்கு எழுதி அறிவித்தார். இராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியினின்று நடந்து, 28ஆம் நாள் எங்கள் ஊரை அடைந்தார்; 30ஆம் நாள் உப்பெடுத்துச் சிறை புகுந்தார். என்ன செய்யப்போகின்றோம் என்பதை எதிரிக்கும் மறைக்காத போர் அது.

மாடியறைக்குத் திரும்புவோம். யான் கூறிய தீர்ப்பு இது: “இரு நூல்களுள் எது சிறந்தது என்று யான் கூறமாட்டேன். எந்த நூலின்படி ஆடுகின்றோம் என்று பகடை உருட்டுமுன் எவரும் கூறவில்லை. ஆகவே, வெட்டுண்டவர் எதனை நம்பி அடியெடுத்து வைத்தாரோ, அதுவே இம்முறைக்கு விதி. இனி ஆட்டம் தொடங்குமுன் விதியை உரக்கப் படித்து, எல்லாரும் உடன்பட்ட பின்னரே பகடையை எடுப்போம்.” நடுவர் சிறிது முணுமுணுத்தார், பின்னர் உடன்பட்டார். இயற்பியலாரின் வீரன் பிழைத்தான். ஆனால் அடுத்த உருட்டிலேயே அதே பகைவன் கையால் மாண்டான்! அப்போது அவரே முதலில் நகைத்தார். முன்னரே உடன்பட்ட விதியால் வரும் தோல்வி, மனத்தைப் புண்படுத்துவதில்லை போலும்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால், திண்ணையில் எங்கள் தெருச் சிறுவர் தாயம் ஆட என்னை அழைப்பர். யான் புளியங்கொட்டையைக் கையில் எடுக்குமுன், “சோடியை வெட்டலாமா, கூடாதா?” என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் இதனையே கேட்கின்றானே என்று அவர்கள் நகைப்பர். நகைக்கட்டும். ஆறுகாட்டுத்துறைத் தம்பி எங்கிருப்பினும் நலமுடன் வாழ்க! என்றேனும் என் எதிரே மீண்டும் அவன் அமர்வானாயின், விதியை அவனே கூறட்டும்; உருட்டுவது அதன் பின்னரே ஆகட்டும்.