தூக்க மட்டும்

லோடுமேன் என்றால் தூக்குகிறவன் என்றுதான் நினைப்பு. பைக் லோடு தூக்குகிறவன் வேலையில்லை, கட்டுகிறவன் வேலை. 2005இல் குட்டியானை வரும்வரை எங்க பக்கம் டிராக்டர் டிரெய்லர்தான். அதில் எனக்குக் கட்டுப் பழக்கியவர் சித்தப்பா.

முன்சக்கரம் முன்பலகையில் முட்டி நிற்கணும். இரண்டு பக்கமும் கயிறு போட்டுச் சமமாக இழுக்கணும். முன் ஷாக் பாதி அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கினால் ஆயில் சீல் போய்விடும். அமுக்காமல் விட்டால் முதல் பள்ளத்திலேயே கயிறு தளரும். உரசுகிற இடத்தில் சாக்கு. பின்சக்கரத்துக்குத் தனிக்கட்டு. சைடு ஸ்டாண்டை நம்பவே கூடாது. கடைசியில் மேலே உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கணும்.

ஊர்த்தெருவில் ஒரு வீட்டு புல்லட். 180 கிலோவுக்கு மேலே. ஒற்றைப் பலகையில் ஏற்றிக் கட்டிவிட்டு, சித்தப்பா உட்கார்ந்து ஆட்டினார். வீட்டுக்காரப் பையன் பாய்ந்து வந்தான். சித்தப்பா வயசில் பாதி இருக்காது.

"டேய், எறங்குடா. தூக்கத்தானே கூப்ட்டோம், உக்காரவா சொன்னோம்?"

"உக்காந்து பாக்காம கட்டு நிக்காதுங்க."

"எறங்குடான்னா..."

இறங்கினார். ஸ்டாண்டைப் போட்டார். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் மாட்டினார். பலகையை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டும் எங்களுடையவை. கூலி கேட்கவில்லை. புல்லட் டிரெய்லர் மேலேயே நின்றது.