போட்ட முதல் 25 கிலோமீட்டர்!

"இந்த மழையிலயா சைக்கிள்?" என்றாள் மனைவி. "தனியாப் போனாத்தான் முட்டாள்தனம். நாங்க எட்டுப் பேர் போறோம்" என்றேன். முட்டாள்தனத்தை எட்டால் பெருக்கினால் என்ன ஆகும் என்று பி.காம். படித்த நான் யோசித்திருக்க வேண்டும்.

2021 நவம்பர். சென்னை நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீட்டுக்குள் கிடந்து பூஞ்சை பிடித்துப்போன எங்கள் கோஷ்டி, மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு ஞாயிறு காலை 5 மணிக்குத் திருவான்மியூரில் கூடியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், அங்கிருந்து கேளம்பாக்கம், பழைய மகாபலிபுரம் சாலை வழியாகத் திரும்பி வந்து சுடச்சுட இட்லி. இதுதான் திட்டம்.

அக்கரை தாண்டுவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. கூட்டமாக சைக்கிள் விடும்போது முன்னால் போகிறவரை ஒட்டிப் போனால் எதிர்க்காற்று உறைக்காது. வெயில் நாளுக்கு அது சரி. மழையில் அவருடைய பின்சக்கரம் வாரி இறைக்கிற சேறு நேராக நம் வாய்க்குள்தான்! ஈர ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கிறது. அப்புறம்தான் பிடிக்கிறது. வெள்ளைக் கோடு மேல் டயர் ஏறினால் வாழைப்பழத் தோல்தான். "பள்ளம்!" என்று முதல் ஆள் கத்த, ஒவ்வொருவராக அதைப் பின்னால் அனுப்ப, கடைசி ஆளான என்னிடம் தகவல் வரும்போது நான் பள்ளத்துக்குள் இருப்பேன்.

முட்டுக்காடு பாலத்தில் நின்றோம். மற்ற நாளில் படகு விடுகிற சாதுவான உப்பங்கழி. அன்று டீ நிறத்தில் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. நான் வேளச்சேரிக்காரன். எங்கள் ஏரி வழிந்தால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் இந்தக் கழிமுகம். அதாவது, எங்கள் தெருத் தண்ணீர் சைக்கிள் இல்லாமலேயே எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

கோவளத்தில் திரும்பினோம். கொஞ்ச தூரம் போனதும் சாலையைக் காணோம். இடப்பக்கமிருந்து வலப்பக்கமாகத் தண்ணீர் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நூறு அடியில் தார் ரோடு பளபளவென்று தெரிந்தது. எல்லோரும் தயங்கினார்கள். அப்போது வாயைத் திறந்தது யார்? அடியேன்தான்.

"25 கிலோமீட்டர் வந்தாச்சு. இந்த நூறு அடிக்கா பயந்து திரும்புறது?"

சொல்லி முடிப்பதற்குள் எங்களில் சின்னவன், கல்யாணமாகி மூன்றே மாதம் ஆனவன், சைக்கிளை இறக்கிவிட்டான். பாதி தூரம்கூடப் போகவில்லை. முன்சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டது. சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். எழுந்திருக்கப் பார்க்கிறான், முழங்கால் ஆழத் தண்ணீர் எழவிடாமல் தள்ளுகிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அவன் மனைவியிடம் என்ன சொல்வது என்றுதான் ஓடியது.

ஓரத்தில் வீச்சுவலையோடு நின்றிருந்த பெரியவர் மளமளவென்று இறங்கினார். அவன் ரெயின்கோட் காலரைப் பிடித்துக் கோழிக்குஞ்சு மாதிரி தூக்கி வந்தார். சைக்கிளை இன்னும் இரண்டு பேர் இழுத்து வந்தார்கள்.

"தண்ணி ரோட்டைத் தாண்டிப் போவுதுன்னா, கீழ ரோடு இருக்குதுன்னு உனுக்கு யாரு தம்பி சொன்னது? அந்த ஓரம் ராத்திரியே அறுத்துக்கினு பூட்ச்சு" என்றார்.

யாரும் பதில் பேசவில்லை. கல்லூரியில் காஸ்டிங் வாத்தியார் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் ஞாபகம் வந்தது. செலவான முதல் செலவானதுதான். அதைக் காட்டி அடுத்த முடிவை எடுக்காதே. பரீட்சையில் அதற்கு முழு மார்க் வாங்கியவன் நான். 25 கிலோமீட்டரைக் காட்டி ஒரு பையனைத் தண்ணீரில் இறக்கியவனும் நானே.

திரும்பினோம். வழியில் ஒரு டீக்கடை. சின்னவன் முழங்கையில் சிராய்ப்பு, முகத்தில் அசட்டுச் சிரிப்பு. "அண்ணே, நீங்க சொன்னதால இல்லண்ணே, நானாத்தான் இறங்கினேன்" என்றான். அதுதான் எனக்கு இன்னும் அதிகமாகச் சுட்டது.

கடைக்காரர் "எத்தனை டீ சார்?" என்றார்.

ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "எட்டு."

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எந்தக் கணக்கும் டேலி ஆனதில்லை.