காரைக்காலுக்குப் போன தபால்

நான் கணினியைப் பற்றி எழுதுகிறேன் என்றால் என் பேரன் சிரிப்பான். பிரெஞ்சு வழியில் படித்து, ப்ரெவே பரீட்சை எழுதி, குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். பாக்கெட் என்றால் எனக்குச் சட்டைப் பைதான். ஆனாலும் 2006-ல் நடந்த ஒன்றை எழுதி வைக்க வேண்டும். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

எங்கள் புதுச்சேரி மாநிலம் நான்கு துண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில். காரைக்கால் பக்கம்தான் என்றாலும் கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர். அங்கிருந்த கிளை அலுவலகத்தையும் எங்கள் தலைமை அலுவலகத்தையும் ஒரு தனி லைன் போட்டு இணைத்திருந்தார்கள். ஓய்வூதியப் பட்டியல்களைக் காரைக்காலில் உட்கார்ந்து பதிந்தால் இங்கே வந்து சேரும்.

அந்த ஆண்டு மழைக்காலத்துக்குப் பிறகு கீழ்த்தளத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பட்டியல்கள் மட்டும் தாமதமாக வரத் தொடங்கின. தற்காலிக ஊழியர். கேட்டால், "திரை அப்படியே நின்னுடுது சார், முதல்லேருந்து அடிக்க வேண்டியிருக்கு" என்பார். மாடியில் இருந்தவர்கள் அனுப்பியதெல்லாம் ஒழுங்காக வந்தன. மாடிக்கு ஒரு நியாயம், கீழே ஒரு நியாயமா? மேலதிகாரி விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பச் சொன்னார். வரைவு எழுதியது நான். 'அசட்டை' என்ற சொல்லை யாரும் சொல்லாமல் நானாகவே சேர்த்தேன். மார்ச் மாதம் அவருடைய பணி நீட்டிப்பு வர வேண்டியிருந்தது.

அவர் அனுப்பிய விளக்கம் அரைப் பக்கம். எந்தெந்த நாளில் எத்தனை மணிக்குத் திரை நின்றது என்று மட்டும் எழுதியிருந்தார். எல்லாமே காலை 11 முதல் 1 மணிக்குள். முப்பது வருடம் தபால் பதிவேடு எழுதியவனுக்கு அது உறுத்தியது. அசட்டைக்கு நேரம் காலம் உண்டா?

கணினிப் பராமரிப்புக்கு வரும் ஒரு தம்பியிடம் காட்டினேன். லைன் கொடுத்தவர்கள் ஏற்கெனவே சோதித்துவிட்டு, 'பழுதில்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் எனக்கு பிங் என்ற கட்டளையைக் கற்றுக் கொடுத்தார். ஒரு சின்னப் பாக்கெட்டை அனுப்பினால் அந்தப் பக்கத்துக் கணினி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் காலத்துப் பிரெஞ்சில் 'அக்யூஸே த ரெசெப்சியோன்' என்போமே, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை, அதேதான்! ஒரு பழைய அனுப்புகைப் பதிவேட்டை எடுத்துக் கோடு போட்டேன்: நேரம், அனுப்பியது, திரும்பியது.

காரைக்கால் ரவுட்டருக்கு 100 அனுப்பினால் எந்த நேரமும் 100 திரும்பியது. அந்தப் பெண்ணின் கணினிக்குக் காலை ஒன்பதுக்கு 100. பதினொன்றரைக்கு 84. மறுநாள் அதே நேரம் 79. சாயங்காலம் மறுபடியும் 100. ஒரு வாரம் இப்படியே. அதாவது தபால் ஊர் வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது. அதற்குப் பிறகுதான், அதுவும் கூட்ட நேரத்தில் மட்டும், தொலைகிறது.

பதிவேட்டோடு நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். ரவுட்டர் மாடியில். அங்கிருந்து கீழ்த்தளத்து சுவிட்சுக்கு ஒரே கேபிள். மழையில் இடி விழுந்து மாடி சுவிட்ச் கெட்டுப்போனதால் புதிதாக ஒன்று வைத்திருந்தார்கள். வைத்தவர் அந்த கேபிள் வரும் துளையை 100, ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் கட்டிப் போட்டுவிட்டார். அப்படிச் செய்தால் அது எதிர்ப்பக்கத்தோடு பேரம் பேசாது. கீழே இருந்த பழைய சுவிட்சோ தானாகப் பேசி முடிவு செய்யும் ரகம். பதில் வராததால் வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிட்டது. மாடி, பேசிக்கொண்டே கேட்கலாம் என்று நினைக்கிறது. கீழே, ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது என்று நினைக்கிறது. தான் அனுப்பும்போது மாடியிலிருந்து ஏதாவது வந்தால் மோதல் என்று பாதியில் நிறுத்திவிடும். அந்த அரைகுறையை மாடி குப்பையில் போடும். ஆளில்லாத நேரத்தில் இருவரும் ஒன்றாகப் பேசுவது அபூர்வம், அதனால் எதுவும் தெரியாது. கவுன்டரில் கூட்டம் சேர்ந்தால்தான் வினை.

தம்பி மாடி சுவிட்சையும் தானியங்கிக்கு மாற்றினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பதினொன்றே முக்காலுக்குப் பார்த்தோம், 100-க்கு 100.

அந்தப் பெண் எங்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னார். குறிப்பாணையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அது மடித்து வைத்திருந்தது தெரிந்தது.

திரும்பி வந்து, பதிவேட்டின் நகலை இணைத்து, குறிப்பாணையை ரத்து செய்யலாம் என்று குறிப்பு எழுதினேன். "பழுது சரியாகிவிட்டதே, இது எதற்கு?" என்று கோப்பு திரும்பி வந்தது. மறுபடியும் எழுதினேன், 'அசட்டை' என் சொல் என்பதையும் சேர்த்து. மூன்றாவது தடவை கையெழுத்தானது. பணி நீட்டிப்பும் வந்தது, ஏப்ரலில்.

ரத்து ஆணையைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். நான்காம் நாள் அட்டை திரும்பியது. கையெழுத்துக்குக் கீழே தேதியோடு மணியும் போட்டிருந்தார்: 11.20.